சுண்டைக்காய் மேல் ஏறிய டிராம்

ஜனவரி 18, ஞாயிறு. கடலூர்.

கடல் காற்றில் தோட்டத்துத் தண்டவாளம் கருத்துப்போய், கரண்டு ஏறாமல் என் மாடல் டிராம் நின்று நின்றுதான் ஓடியது. இன்று அதைப் பேட்டரியில் ஓடவைக்க மனைவியின் தம்பி சேகர் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தான். ஆசையாக வாங்கிய, முழங்கை நீள டிராம். அதன் குட்டி இருக்கைகளை அவன் அறுத்தெடுத்தபோது, “அத ஏண்டா அறுக்குற?” என்றேன்.

“பேட்டரிய வேற எங்க வெக்கிறது? நீங்க உள்ள போங்க மாமா.”

போகவில்லை. பேட்டரியை அடியில் படுக்கவைத்து, அதன் மேலேயே இருக்கைகளை ஒட்டினான். டிராம் ஜன்னல் வழியே பார்த்தால் பேட்டரி இருப்பதே தெரியவில்லை. என்ன கை அது!

புது வண்டிக்கு வைப்பதுபோல் மனைவி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வந்தாள்.

“கவுந்துடும்க்கா” என்று சேகர் ஒரு பிஞ்சுச் சுண்டைக்காயைப் பறித்துத் தந்தான்.

நேற்றுவரை சருகு பட்டாலே தடம் புரண்ட டிராம், பேட்டரி கனத்தில் அதை நசுக்கிக்கொண்டு போனது. மூவரும் கும்பிட்டோம். நான் கும்பிட்டது டிராமை இல்லை, சேகரின் கையை.