புனே விமானமும் ஜி.எஸ்.டி. ரோடும்

ஆகஸ்ட் 17, புதன்

காலையிலிருந்தே புழுக்கம். தண்ணீர் லாரி வரவில்லை.

டி.வி.யில் எங்கோ வெளிநாட்டில் விழுந்து எரிந்த விமானம். திரும்பத் திரும்ப அதே காட்சி. வெள்ளிக்கிழமை இவர் புனே போகவேண்டும், கம்பெனி டிரெயினிங். முதல் விமானப் பயணம். ரயிலில் போங்களேன் என்றேன்.

"டிக்கெட் போட்டாச்சு. பேஜார் பண்ணாத."

குழம்பில் உப்பு போட மறந்திருக்கிறேன். அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுப் போனார்.

18, வியாழன்

ஒன்பது 'பி' டெஸ்ட் பேப்பர் இன்னும் திருத்தவில்லை. ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் வசந்தாவிடம் அழுதேவிட்டேன்.

"டீச்சர், உங்க வீட்டுக்காரர் டெய்லி மறைமலை நகருக்கு எதுல போறார்?"

"பைக்ல."

"ஜி.எஸ்.டி. ரோட்ல, லாரிங்களுக்கு நடுவுல. அதுக்கு என்னைக்காவது அழுதிருக்கீங்களா? நம்ம பசங்க வீடுங்கள்ல ரோட்ல அடிபட்டுச் செத்தவங்க எத்தனை பேர்? பிளேன்ல ஒருத்தராவது?"

சரியாகத்தான் சொல்கிறாள். இருந்தும் பேப்பர் கட்டைப் பிரிக்காமலே வீட்டுக்கு வந்தேன்.

19, வெள்ளி

தூறல். விடியும் முன்பே கிளம்பிவிட்டார். பிள்ளையாருக்குத் தேங்காய். வகுப்பில் பாடமே ஓடவில்லை.

மதியம் போன். "இறங்கிட்டேன். ஜன்னல் சீட்டு. சாண்ட்விச்னு ஒண்ணு குடுத்தான், வாயில வைக்க முடியல."

சிரித்துவிட்டேன். அப்பாடா.

சாயங்காலம் மாலாவின் போன். அவள் கணவர் செல்வமும் இவரும் ஒரே கம்பெனி. தினமும் இவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர். இன்று இவர் இல்லை என்று தன் பழைய வண்டியை எடுத்திருக்கிறார். பெருங்களத்தூர் தாண்டி லாரி இடித்துவிட்டது.

20, சனி

ஆஸ்பத்திரி. வாசலில் வார்டு ஆள்: "இன்னாம்மா, ஒருத்தர்தான் உள்ள போலாம்." மாலாவை அனுப்பிவிட்டு வெளியே நின்றேன்.

மாலா வெளியே வந்து சொன்னாள்: உயிருக்கு ஆபத்தில்லை. வலது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செல்வத்துக்கு இன்னும் தெரியாது.

நல்லவேளை இவர் ஊரில் இல்லை என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டே நினைத்தேன். சீ.

மாலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் பத்திரமா போய்ச் சேர்ந்தாராக்கா? பிளேன்னு நீங்க ரொம்ப பயந்தீங்கன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார்."



21, ஞாயிறு

துணி துவைக்கவில்லை. பேப்பரும் திருத்தவில்லை.

போனில் இவரிடம் செல்வம் பற்றிச் சொன்னேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நாளைக்கு சாயங்காலம் பிளேன். மழைன்னா லேட்டாகும். நீ பயந்துக்காத."

"ஏர்போர்ட்லேந்து எப்படி வருவீங்க?"

"ஆட்டோதான்."

"ஆட்டோ வேணாம். எதிர்லயே திரிசூலம் ஸ்டேஷன். ரயில்ல வாங்க."

"ஸ்டேஷனுக்குப் போகவும் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டணுமேடி," என்றார்.