பல் டாக்டர் பிரித்துக்கொண்டு போன மென்பொருள்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. உன் அம்மாவின் கடைவாய்ப் பல் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு முதுகு வளையாமல் உட்கார்ந்து வேலை பார்க்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, அதனால்தான் எழுதுகிறேன். இதை மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பப் போகிறேன், அனுப்பிவிட்டுப் படிக்கிற பழக்கத்தால் இந்த மாதம் நான் பட்டது போதும்.

முதலில் பல் சமாசாரம். தெருமுனை ஆஸ்பத்திரியில் பிடுங்கியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நம் நூலக மென்பொருளைப் பிரித்துக்கொண்டு போனாரே அந்தப் பல் டாக்டர், அவருக்கே போன் போட்டு அரை மணி நேரம் பேசிவிட்டாள். அவர் பிடுங்க வேண்டாம், வேரைச் சுத்தம் செய்தால் போதும் என்றாராம், அப்படியே செய்து வலியும் நின்றுவிட்டது. உங்க சண்டை கம்ப்யூட்டர்ல, என் வலி வாயில என்கிறாள். ஆக என் வீட்டுக்குள்ளேயே அவருக்கு ஆள் சேர்ந்தாகிவிட்டது.

நீ சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பொறாமைதான். என் நூலக மேசையில் உட்கார்ந்து, புத்தகம் கொடுத்து வாங்கிய இடைவெளியில் பதினான்கு வருடம் எழுதியது அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தவனும் நான்தான், ஊரைக் கூட்டி மார்தட்டிக்கொண்டவனும் நான்தான். ஆனால் ஒருவர் நிஜமாகவே வந்து, நான் நான்கு வருடம் மல்லுக்கட்டிய தேடல் பகுதியை இரண்டே வாரத்தில், அதுவும் நோயாளிகளுக்கு நடுவில், மாற்றி எழுதிக் காட்டினால் வயிறு எரியாதா? அவர் அனுப்பிய திருத்தத்தைப் பார்க்க நேரமில்லை என்று பதினொரு நாள் காக்க வைத்தேன். நேரம் இருந்தது. தினமும் திறந்து, குறை கிடைக்குமா என்று தேடிவிட்டு மூடி வைத்தேன். அப்புறம் அதைப் பயன்படுத்தும் நாற்பது நூலகத்துக்காரர்களும் இனி டாக்டரே முன்னின்று நடத்தட்டும் என்று பேச ஆரம்பித்ததும் அதில் எழுத அவருக்கிருந்த அனுமதியை ஒரே அழுத்தில் நீக்கினேன். அவர் முழுவதையும் பிரதி எடுத்துத் தனியாகத் தொடங்கிவிட்டார். பொதுப் பக்கத்தில், எல்லோரும் பார்க்க, உரிமையாளர் தன்னிச்சையாக முடிவெடுத்தது தவறு என்று நீ எழுதினாய். அப்பா என்றுகூட இல்லை, உரிமையாளர். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் பக்கம் நீ போனதுகூடப் பெரிதில்லை, அவர் எழுதியதை அழகாக இருக்கிறது என்று பாராட்டியிருந்தாயே, அந்த வார்த்தையை நீ என்னுடையதற்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த எரிச்சலில்தான் அந்தக் கூத்து நடந்தது. எனக்கு ஆதரவாக யாரும் வாய் திறக்கவில்லையே என்று பழைய வாசகர் என்ற பெயரில் இன்னொரு கணக்குத் தொடங்கினேன். முதலில் என் பெயரில் என் கட்சியை எழுதினேன். அடுத்து அந்தக் கணக்குக்கு மாறாமலேயே, இவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, இவ்வளவு அனுபவம் உள்ள மனிதரை அவமதிக்கலாமா என்று நானே எனக்கு எழுதி அனுப்பிவிட்டேன். அழித்துப் பிரயோசனம் இல்லை, நாற்பது பேருக்கும் அஞ்சல் போய்விட்டது. நீயும் பார்த்திருப்பாய், கேட்காமல் விட்டதற்கு நன்றி. யாராவது கேலி செய்வதற்குள் டாக்டர் முந்திக்கொண்டு, ஐயா வேறு யாரோ எழுதியதை எடுத்துப் போட்டிருக்கிறார், வேலையைப் பார்ப்போம் என்று பேச்சை மாற்றிவிட்டார். வேலைதான் தெரியும் என்று பார்த்தால் அவன் நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறான். அதுதான் தாங்கவில்லை.

நேற்று மதியம் கூட்டமில்லாத நேரத்தில் அவருடைய பிரதியை நிறுவிப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான், வேறு நல்லெண்ணம் ஒன்றும் இல்லை. கிடைத்தது. ஒரே புத்தகத்துக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்திருந்தால் கடைசியில் வந்தவருக்கு முதலில் தருகிறது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்குத்தான் அது கண்ணில் படும். பொதுப் பக்கத்தில் போட்டு உடைக்கலாம் என்று பாதி எழுதிவிட்டேன். ஆனால் அதற்குள் கை திருத்தத்தையே எழுதி முடித்திருந்தது, மூன்றே வரி. அனுப்பினேன். உடனே தானியங்கிப் பதில் ஒன்று வந்தது. இது உங்கள் முதல் திருத்தம், வருக, இந்த வீட்டில் உங்களுக்கும் ஓர் அறை உண்டு என்று. கல்லூரி விடுமுறையில் நீ முதன்முதலாகத் திருத்தம் அனுப்பியபோது உனக்காக நான் எழுதி வைத்த வாக்கியம் அது. சாவி என் கையிலேயே இருந்ததால் நான் ஒரு நாளும் வாசலில் நின்று அனுப்பியதில்லை, அதனால் எனக்கு அது வந்ததே இல்லை. எல்லாவற்றையும் மாற்றியவர் அதை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. உன் அம்மா போன் செய்து ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள், புத்தகத் தூசி என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிர் என்று ஜன்னலை நாள் முழுக்க மூடி வைக்காதே. நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயமாகி நீண்ட ஆயுளோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உண்டு. ஒரே ஒரு விஷயம், மறந்துவிடாதே. டாக்டரின் பிரதியில் திருத்தங்களை ஏற்க உனக்கும் அனுமதி இருக்கிறது என்று தெரியும். அப்பா பாவம் என்று என் திருத்தத்தை நீ ஏற்றுவிடாதே. அவரே பார்க்கட்டும். பதினொரு நாள் ஆனாலும் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய வாசகர், உன் அப்பா