மாற்றிப் படித்த வாரம்

என் உயிரானவளுக்கு, ஸலாம்.

வாராவாரம் நான் படிக்க நாமெல்லாம் கேட்ட மாயத்தீவுத் தொடர்கதை படமாகித் தொண்டிக் கொட்டகைக்கு வந்தது. குட்டி இளவரசி கடலில் மூழ்கிச் செத்ததும், பார்க்க வந்திருந்த நம் தெருவே எழுந்துவிட்டது.

“ஏலே, கதையில புள்ள பொழைச்சிருச்சுடா! எங்கள ஏமாத்துறியா?” என்று என் தம்பி சதக் சோடா பாட்டிலை வீசினான். படம் ஓட்டியவனை வெளியே இழுத்துப்போட்டு மிதித்தார்கள். அவனுக்கு இடது கண் போய்விட்டது. சதக் லாக்கப்பில் இருக்கிறான்.

நான் வாயே திறக்கவில்லை.

கதையிலும் அவள் செத்துத்தான் போனாள். தெருவுக்கே உரக்கப் படித்துக் காட்டியவன் நான். நம் மகளைக் கரையிலிருந்து தூக்கிவந்து அடக்கிய வாரம் அது. கதவுக்குப் பின்னால் நீ கேட்டுக்கொண்டிருந்தாய். பிழைத்துவிட்டாள் என்று படித்துவிட்டேன்.

படம் உன் தாய்வீட்டு ஊருக்கும் வரும். போகாதே.

உன் வீட்டுக்காரன்