அவர் போனுக்கு வரும் ஆறு எண்கள்

மார்ச் 4, செவ்வாய்

படம் வரைகிறவர் இன்று ஒரு புது ஆளைக் கூட்டிவந்தார். இரண்டு வருஷமாக என் வீட்டுக்காரரோடு சேர்ந்து அந்த வீடியோ கேமைச் செய்தவர் இந்தப் படம் வரைகிறவர்தான். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்காரர் தவறிப்போய் ஏழு வாரம் ஆகிறது. கேம் முடிந்துவிட்டதாம், ஊருக்குச் சொல்லத்தான் ஆள் வேண்டுமாம். வந்தவர் மார்க்கெட்டிங். உட்காரும் முன்பே லேப்டாப்பைத் திறந்துவிட்டார்.

"மேடம், ஒரு நாளைக்கு அம்பது கேம் வருது. சத்தம் போட்டாத்தான் திரும்பிப் பார்ப்பாங்க."

சத்தம் போடச் சம்பளம் வாங்கும் ஆளை இன்றுதான் பார்க்கிறேன். நான் இத்தனை வருஷம் சும்மாவே போட்டிருக்கிறேன்.

கேமில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம். எல்லா வீட்டிலும் குழாய் ஒழுகும். பிளம்பர் போய்ச் சரிசெய்ய வேண்டும். செய்தது யார்? எங்கள் வீட்டில் ஒரு வாஷர் மாற்றத் தெரியாத மனுஷன்.

கேம் விற்கும் இணையக் கடையில் கணக்கு அவர் பெயரில் இருக்கிறது. அங்கே எதை மாற்றினாலும் அவர் போனுக்கு ஆறு எண்கள் வரும். போன் என்னிடம். படித்துச் சொன்னால் போதும் என்றார்கள். அவ்வளவுதானே என்றேன்.

மார்ச் 7, வெள்ளி

ரொட்டிக் கம்பெனியில் பாக்கிங் நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ நேரத்தில் எடுத்தால், மார்க்கெட்டிங்காரர் ஏழு தடவை கூப்பிட்டிருக்கிறார். எண்கள் காலாவதியாகிவிட்டனவாம். பத்து நிமிஷம்தான் ஆயுசாம். நாங்கள் ரொட்டிக்கே நாலு நாள் போடுகிறோம்.

மார்ச் 11, செவ்வாய்

இந்த வாரம் நாலு தடவை எண் கொடுத்தாயிற்று. எதற்கு என்று கேட்கவில்லை. படித்தவர்கள், தெரியாமலா செய்வார்கள்?

அப்புறம் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு பட்டனை அமுக்கி வைப்பார்களாம், அதற்கு விஷ்லிஸ்ட் என்று பெயர். அவர் இருந்தபோது இருநூறு பேர். இப்போது மூவாயிரம்! "ஜனங்க ஃபீல் பண்றாங்க மேடம்" என்றார். குழாய் ஒழுகுவதற்கு இவ்வளவு ஃபீல் பண்ணுவார்களா?

மார்ச் 14, வெள்ளி

கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரி போனை நீட்டி, "இது உன் வீட்டுக்காரர்தானே?" என்றாள்.

கேம் விற்கும் அந்த இணையக் கடையில் ஒரு வீடியோ, அதில் எங்கள் கல்யாணப் போட்டோ. என்னை வெட்டி எடுத்துவிட்டு, அவர் தோளில் என் கையை மட்டும் பாக்கி விட்டிருக்கிறார்கள். யார் கையோ. பக்கத்தில் மெழுகுவத்தி, அழுமூஞ்சி மியூசிக். 'இதைக் கட்டியவர், இது திறப்பதைப் பார்க்க இல்லை.' கீழே வரிசையாகக் கண்ணீர் விடும் பொம்மைகள். கேமைப் பற்றி ஒருத்தர்கூட ஒரு வார்த்தை இல்லை.

நான்தான் நம்பரக் குடுத்தேன். என் வாயாலதான் படிச்சுச் சொன்னேன் — என்ன ஏதுன்னு ஒரு தடவை கேட்டேனா? கேட்டேனா நான்?

மார்ச் 15, சனி

இரண்டு பேரையும் வரச் சொன்னேன். போட்டோ கொடுத்தது படம் வரைகிறவர். தலையைத் தூக்கவே இல்லை.

"கதை இருந்தாத்தான் மேடம் விக்கும்."

"கதை உள்ள இருக்குல்ல? பன்னெண்டு மாடியும் ஒழுகுதே, போதாதா?"

"அது கேம் மேடம். இது எமோஷன்."

அப்புறம்தான் பெரிய வெடி. கேம் வெளிவரும் நாளில் போட மார்க்கெட்டிங்காரர் ஒரு கடிதம் வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் எழுதியதையெல்லாம் கொடுத்தால் அவரை மாதிரியே எழுதித் தரும் டூல் ஒன்று இருக்கிறதாம். வாசித்துக் காட்டினார்: 'அன்பு உள்ளங்களே, நீங்கள் ஆடுவதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.'

மேலிருந்தா? ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும் மனுஷன். கட்டின எனக்கே 'அன்புள்ள' போட்டு ஒரு வரி எழுதியதில்லை. ஊர் பேர் தெரியாத உள்ளங்களுக்கு எழுதுகிறாராம்.

"போட்டோ, மெழுகுவத்தி, லெட்டர் எல்லாம் போகணும். அதுவரைக்கும் நம்பர் கிடையாது."

"அந்த மூவாயிரம் பேரும் போயிடுவாங்க மேடம்."

"துக்கம் விசாரிக்க வந்தவங்கதானே. போகட்டும்."

கேமை வெளியிடும் பட்டனுக்கும் எண் வேண்டும். படம் வரைகிறவர் போகும்போது வாசலில் நின்றார். "அண்ணி, நானும் வேலைய விட்டுட்டுத்தான் இதுல எறங்கினேன். வீட்ல ரெண்டு பிள்ளைங்க."

அது தெரியாதா எனக்கு?

மார்ச் 16, ஞாயிறு

படம் வரைகிறவரைக் கூப்பிட்டு, அந்தக் கேமைக் காட்டுங்கள் என்றேன். இதுவரை ஆடிப் பார்த்ததே இல்லை. மவுஸை என் கையில் கொடுத்துவிட்டார்.

முதல் மாடி. கதவைத் தட்டினால் குடியிருக்கிற அம்மா வந்து திட்டுகிறாள். எழுத்தாகத்தான் வருகிறது: 'இதோ வர்றேன்னு சொல்லி எத்தனை நாளாச்சு?' அடுத்த மாடி: 'ஸ்பேனரப் பிடிக்கிற அழகப் பாரு, பல் குச்சியப் பிடிச்ச மாதிரி!'

எல்லாம் நான் சொன்னது. வார்த்தைக்கு வார்த்தை. பன்னிரண்டு மாடியிலும் நான்தான் குடியிருக்கிறேன். காதிலேயே வாங்காத மாதிரி உட்கார்ந்துகொண்டு அத்தனையும் எழுதி வைத்திருக்கிறார், பாவி மனுஷன்.

சிரித்தேன். அப்புறம் முடியவில்லை. படம் வரைகிறவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

"உங்க இஷ்டம் மேடம். என் பேர மட்டும் எங்கயும் போட்டுடாதீங்க" என்று மார்க்கெட்டிங்காரர் கழன்றுகொண்டார்.

புது வீடியோ நாங்களே எடுத்தோம். ஒழுகும் குழாய், பின்னால் என் குரல் திட்டும். எதிரில் ஆள் இல்லாமல் திட்ட வரவில்லை. மார்க்கெட்டிங்காரரை நினைத்துக்கொண்டேன், கொட்டியது.

இணையக் கடையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மெழுகுவத்தி இல்லை. எண் கொடுத்தேன்.

மார்ச் 24, திங்கள்

மூவாயிரம், ஆயிரத்து நூறாகிவிட்டது. படம் வரைகிறவர்தான் படித்துச் சொன்னார். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 2, புதன்

அரை நாள் லீவு. கேம் வெளியாகிவிட்டது. அவர் செய்த வேலைக்கு நேராக அவர் பெயர், அவ்வளவுதான். பெரிய கூட்டமில்லை, ஈ ஓட்டவுமில்லை. படம் வரைகிறவர் மாதாமாதம் மளிகைக்காவது வரும் என்கிறார்.

ஏப்ரல் 5, சனி

கடையில் கேமுக்குக் கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள்: 'ஐந்தாவது மாடியில் குளியலறைக் கதவு சுவருக்குள் திறக்கிறது. இதைச் செய்த ஆள் ஒரு தடவையாவது ஆடிப் பார்த்தாரா?'

படம் வரைகிறவர் பதறிப்போய்ப் போன் செய்தார். "பாவம், விஷயம் தெரியாம எழுதிட்டாங்க அண்ணி. அவர் இப்ப இல்லைன்னு சொல்லிடட்டுமா?"

வேண்டவே வேண்டாம் என்றேன். கதவை மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி நானே பதில் அடித்தேன்.

'அவர் எப்போதும் அப்படித்தான். திங்கட்கிழமைக்குள் சரியாகிவிடும்.'