மத்தியான வண்டியின் சாய்வு

3-2-1974
தேதியை நானே எழுதினேன். எழுத்துப் பழக்கிய மருமகள் ஜெயசெல்வி பார்த்து, சரி என்றாள்.

சாத்தான்குளத்தில் மகள் பேச்சித்தாய்க்கு இது பிரசவ மாதம். மாமியார் இல்லாத வீடு. என் வீட்டுக்காரி பிச்சம்மாள் போயாக வேண்டும். போன மாதம் பஸ் கிளம்பும்போது விழுந்து கை பிசகியதிலிருந்து, "நான் வரல. நீங்க போயிட்டு வாங்க" என்கிறாள். நான் போய்? பிரசவம் பார்க்கவா? அவளைக் கூட்டிப்போகாமல் விடமாட்டேன்.

5-2
காலை வண்டிதான் மெதுவாம். சைக்கிள்காரன் முந்திவிடுவானாம். நாளை அதில்.

6-2
டிரைவர் வெடுக்கென்று வண்டியை எடுத்தான். உட்காரப் போனவள் பின்சீட்டு அம்மாளின் மடியில் விழுந்தாள். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டோம். "இதுதான் மெதுவான வண்டியோ?" என்று கேட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

ஜெயசெல்வி சொன்னாள்: "மாமா, வேகம் வேற, வேகம் கூடுதது வேற." பள்ளிக்கூட டீச்சர் அல்லவா, கிராஃப் தாள் ஒன்று தந்தாள்.

10-2
மகனுடைய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, காலை வண்டி, மத்தியான வண்டி இரண்டிலும் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வேகமுள்ளைப் பார்ப்பதா, நொடிமுள்ளைப் பார்ப்பதா?

மத்தியான வண்டி டிரைவர் திரும்பினார். "என்ன அண்ணாச்சி, செக்கிங்கா?"

"ஆமா. வீட்டுக்காரி வச்ச வேலை."

11-2
கீழே நொடி, பக்கத்தில் வேகம். புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். காலை வண்டி ஐந்து நொடியில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறி, அதற்குமேல் ஏறாமல் கோடு படுத்துவிட்டது. மத்தியான வண்டி நாற்பது வரை போகிறது — ஆனால் இருபது நொடி எடுத்து, ஒரே நேர்கோடாக.

"கூடின வேகத்தை, ஆன நேரத்தால வகுங்க மாமா. அந்தச் சாய்வுதான் முடுக்கம்."

காலை வண்டிக்கு நொடிக்கு நாலு கூடுகிறது. மத்தியான வண்டிக்கு இரண்டுதான். அப்படியானால் வேகமாகப் போகிற வண்டிதான் மெத்தென்று கிளம்புகிறது! நான் பார்த்தது வேகத்தை. அவளைத் தள்ளியது சாய்வு.

முடுக்கம். முடுக்கம். எழுத எழுத நன்றாக இருக்கிறது.

12-2
தாளைக் காட்டினேன். "கோடு போட்டா கை பிசகாதாக்கும்" என்றாள்.

"ஏளா, ஒரே ஒரு தடவை. தள்ளுச்சுன்னா இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துருவோம்."

ஊருக்குப் போகிற பையைத் தூசி தட்டி எடுத்து வைத்தாள்.

14-2
மத்தியான வண்டி. கண்ணை மூடிக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமல், "இன்னும் எடுக்கலையா?" என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பின்னால் போயிருந்தது.

17-2, சாத்தான்குளம்
பேத்தி. பிச்சம்மாள்தான் முதலில் கையில் வாங்கினாள்.

தெருவுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தாயிற்று. ஒரு பொட்டலம் மட்டும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள். மத்தியான வண்டி டிரைவருக்காம்.