மஞ்சள் டப்பாவில் இருந்த பசை

பிளம்பர் அறிவு காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, மனைவிக்கு எழுத உட்கார்ந்தான். வியாசர்பாடி வீட்டில் இருவருக்கும் மூன்று நாளாய்ப் பேச்சில்லை.

“செங்கொடி, சோறு வடிச்சி வச்சிகீறேன். பீரோ சாவி அரிசி டப்பால கீது. ராயபுரத்துல நான் ஒட்டுன கீசர் பைப்பு வுட்டுகினு ஒரு அம்மா மேல வெந்நீர் கொட்டுச்சே, அந்தம்மா மத்தியானம் ஆஸ்பத்திரில செத்துப் பூட்டாங்க. நானே ஸ்டேஷனுக்குப் போறேன். யாரு வந்து கேட்டாலும், பசையப் பத்தி ஒனக்கு ஒண்ணியும் தெரியாதுன்னு சொல்லு.”

அவளுக்குத் தெரியும். பாதி பாதியாய்க் கிடந்த இரண்டு டப்பாவும் காய்ந்துவிடுமே என்று, பச்சைத்தண்ணீர்க் குழாய்க்கான பசையை வெந்நீர்க் குழாய்க்கான மஞ்சள் பசையோடு ஊற்றிச் சேர்த்து வைத்தவள் அவள்தான். அந்தக் கலவை சூடு தாங்காது. “உன்னாலதான்டி அந்தம்மா வெந்து கெடக்குது” என்று அவன் கத்தியதுதான் கடைசிப் பேச்சு. அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

தாளைத் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் வைத்துவிட்டு வாசல்வரை போனான். செருப்பை மாட்டியவன், கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்.

“மூடியத் தொறந்தப்பவே பசை வெளுத்துப் போய்கீதுன்னு பாத்தேன். புதுசு வாங்க மறுபடி கடைக்குப் போவணுமேன்னு சோம்பேறித்தனம். தெரிஞ்சேதான் ஒட்டினேன், செங்கொடி. நீ சாப்டு.”