சாகிப்பின் மடக்குப் பலகை

அன்பு மாமாவுக்கு,

நேற்று மாலை நம் வீட்டில் வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. தெற்குத் தீவிலுள்ள ஹட் பேயிலிருந்து உங்கள் டிரங்குப் பெட்டியோடும் குடையோடும் கப்பலில் வந்திறங்கிய அந்தப் பலகையில் இனி அப்பளம் காயவைக்கலாம் என்று உங்கள் மகள் முன்மொழிந்தாள். நான் வழிமொழிந்தேன். மேலே ஒட்டியிருக்கும் பச்சைத் துணியை முதலில் கிழித்துவிட வேண்டும் என்று அத்தை ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். திருத்தத்தோடு தீர்மானம் ஏகமனதாக ஏற்கப்பட்டது.

நீங்கள் இருந்திருந்தால் எதிர்த்திருப்பீர்கள். ஹட் பேயின் உப்புக் காற்றில் உங்கள் குடைக்கம்பி துருப்பிடித்திருக்கிறது, பெட்டியின் பூட்டு இற்றுப்போயிருக்கிறது. பலகையின் பித்தளைக் கீல்கள் மட்டும் எண்ணெய் குளித்துப் பளபளவென்று இருக்கின்றன. உங்களை அங்கே அனுப்பிவைத்த சாமானுக்கு இத்தனை பணிவிடையா மாமா?

இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் உங்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உங்களுக்கே எழுதிவிடுகிறேன்; மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அவர்களுக்காக அது என்ன பலகை என்று முதலில் சொல்ல வேண்டும்.

கோல்ஃப் என்பது, வளர்ந்த மனிதர்கள் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை வெகுதூரம் துரத்திக்கொண்டு போய் ஒரு குழியில் போட்டுவிட்டு, உடனே குனிந்து அதை எடுத்துக்கொள்ளும் விளையாட்டு. குழியை நெருங்கியதும் ஓங்கி அடிக்கக் கூடாது. மெல்லத் தட்டி உருட்ட வேண்டும். இது கைவராமல் பெரிய பதவியில் இருப்பவர்கள் பலர் மனம் வாடுகிறார்களாம். அவர்கள் துயர் துடைக்கச் சீமையில் யாரோ செய்த பயிற்சிக் கருவி இது. பெட்டி போல இரண்டாக மடியும். தூக்கிப் போகக் கைப்பிடி உண்டு. விரித்தால் ஆறடி நீளம். ஒரு முனையில் தண்டவாளம் போல இரண்டு பித்தளைச் சட்டங்கள், மறு முனையில் ஒரு குழி. சட்டங்களில் இடிக்காமல் மட்டையை ஆட்டிப் பந்தைக் குழியில் விட வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்ய ஆறு மாதம் ஆகும்.

டெல்லியிலிருந்து வந்த உங்கள் அலுவலகத் தலைவரான சாகிப் இதைக் கையோடு கொண்டுவந்திருந்தார். போர்ட் பிளேரில் அவர் ஆட ஒரு கோல்ஃப் மைதானம் இல்லை. ஆகவே அவரைத் தோற்கடிக்கவும் யாரும் இல்லை. நிலம் கேட்டு வந்த குடியேறிகளின் கோப்புகள் மேசையில் காத்திருக்க, நாலு மணிக்கெல்லாம் அவர் பங்களா வராந்தாவில் பலகையை விரிப்பார். பந்து குழியைத் தவறவிட்டுத் தோட்டத்துப் பக்கம் உருண்டு ஓடும். இருபது வருட சர்வீஸ் உள்ள தலைமை எழுத்தராகிய நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குரோட்டன் செடிகளுக்குள் குனிந்து தேடுவீர்கள்.

வீட்டுக்கு வந்ததும், “இன்னிக்கு சாப் பத்துக்கு ஏழு போட்டார்” என்பீர்கள், ஏதோ நீங்களே போட்ட மாதிரி. உங்கள் மகள் என்னைப் பார்ப்பாள். நான் தட்டைப் பார்ப்பேன். அரசுக் குவார்ட்டர்ஸ் கேட்டுக் காத்திருப்போர் வரிசையில் என் பெயர் வாலில் கிடந்ததால், நான் உங்கள் வீட்டோடு இருந்த மாப்பிள்ளை. உங்கள் சோற்றைத் தின்றுகொண்டே உங்களை மனதுக்குள் இகழ்ந்தேன். வயிறு நிறைந்திருக்கும்போது இகழ்ச்சியும் நன்றாக வருகிறது.

நீங்கள் குனிந்தது பந்துக்காக இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஹட் பேயில் புதிய குடியிருப்புகள் வந்துகொண்டிருந்தன. அங்கே திறக்கவிருந்த கிளை அலுவலகத்துக்கு ஆட்கள் பட்டியல் தயாராகியிருந்தது. தலைமை எழுத்தர் என்ற இடத்தில் உங்கள் பெயர். அத்தைக்கு ஆஸ்துமா. மூச்சு முட்டினால் நம் வீடு இருக்கும் ஜங்லிகாட்டிலிருந்து ஆஸ்பத்திரி பக்கம். ஹட் பேயிலிருந்து என்றால், முதலில் கப்பல் வர வேண்டும், பிறகு கடல் சம்மதிக்க வேண்டும். பெயரை எடுக்க முடியுமா என்று பார்க்கலாம் என்று சாகிப் சொல்லியிருந்தார். அந்தப் பார்க்கலாமை நம்பித்தான் செடிகளுக்குள் தேடினீர்கள்.

அப்போதுதான் சாகிப்பின் சாகிப் ஆய்வுக்கு வருவதாகத் தந்தி வந்தது. அவரும் கோல்ஃப் பிரியர். வராந்தாவில் தேநீர், அதன்பின் பத்துப் பந்துகள் என்று நிகழ்ச்சி நிரலை நீங்களே தட்டச்சு செய்தீர்கள். சாகிப்புக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்குத் திரும்ப வேண்டும். உங்களுக்கு இருந்த இடத்தில் இருந்தால் போதும். இரண்டும் அந்தப் பத்துப் பந்துகளை நம்பி இருந்தன.

அன்று காலை என்னைத் தனியே அழைத்தீர்கள். “மாப்ளே, அந்தப் பலகை ஒரு பக்கமா சாயுதோன்னு சந்தேகம். சாப் பெரியவரக் கூட்டிவர கப்பல் ஜெட்டிக்குப் போயிருவார். உங்க மட்டத்தக் கொண்டாந்து பாக்குறீங்களா?”

பொதுப்பணி அலுவலகத்தில் வரைவாளன் நான். குமிழி ஓடும் ரசமட்டத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பலகையின் குறுக்கே வைத்தேன். குமிழி சுவர்ப்பக்கம் ஏறி நின்றது. பலகையில் குற்றமில்லை. வராந்தாவே தோட்டத்துப் பக்கம் சாய்வு. மழைத் தண்ணீர் வடிவதற்காக இந்தத் தீவில் எல்லா வராந்தாக்களையும் அப்படித்தான் போடுகிறோம். எத்தனை வராந்தாக்களை நானே வரைந்திருக்கிறேன். மூன்று படாக் மரச் சில்லுகளைச் சீவி, தாழ்ந்த பக்கம் பலகைக்கு அடியில் செருகினேன். குமிழி நடுவில் வந்து நின்றது.

“சாப்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிரலாமா?” என்று கேட்டீர்கள்.

“சொன்னா ஆறு மாசமா கோணல்ல ஆடிட்டிருந்தோம்னு அவருக்கு வருத்தமாயிரும் மாமா. சொல்லாதீங்க. பந்து நேராப் போனா அவரே சந்தோஷப்படுவார்.”

இதைச் சொன்னவன் நான். எழுத்தில் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் பந்து குழிக்கு இடப்பக்கம் இரண்டு விரல் தள்ளிப் போய்ச் சுவரில் முட்டியது. இரண்டாவதும் அதே இடத்தில். பத்தும் அதே இடத்தில். அந்தத் துல்லியத்துக்கே ஒரு கோப்பை கொடுத்திருக்கலாம். பந்தை வலப்பக்கம் தோட்டத்துக்கு இழுக்கும் சாய்வான பலகையில் ஆறு மாதம் தட்டித் தட்டி, மட்டையின் முகத்தை ஒரு நூல் இடப்பக்கம் திருப்ப சாகிப்பின் கை, அவருக்கே தெரியாமல், பழகியிருந்தது. சாய்வை நான் எடுத்துவிட்டேன். திருப்பம் அவர் கையிலேயே இருந்தது. சாய்வு வரைந்து சம்பளம் வாங்குகிறவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

பெரிய சாகிப் தேநீரை வைத்துவிட்டு எழுந்து, மட்டையை வாங்கி, நாலு பந்துகளை வரிசையாகக் குழியில் விட்டார். பலகை அருமையான பலகை என்று ஆங்கிலத்தில் சொன்னார். கார் ஏறிப் போய்விட்டார்.

சாகிப் பலகையைத் தூக்கினார். மூன்று சில்லுகளும் தரையில் கிடந்தன. ஒரு வரைபடத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, வேலையாக வந்தவன் போல நான் தூணருகே நின்றிருந்தேன். ரசமட்டம் இன்னும் என் பையில்தான் இருந்தது.

“படே பாபு, யே கிஸ்கா காம் ஹை?” பெரிய எழுத்தரே, இது யார் வேலை என்று சத்தம் போடாமல்தான் கேட்டார்.

“மேரா, சாப்”, என்னுடையது என்றீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஏன் மாமா? என் பெயரைச் சொல்லியிருந்தால் பழியில் பாதி இறங்கியிருக்குமே. ஹட் பே பட்டியலில் வரைவாளர் இடமும் அப்போது காலியாகத்தானே இருந்தது?

ஹட் பே பட்டியலில் உங்கள் பெயர் அப்படியே நின்றது; பலகையையும் நீங்களே அங்கே கொண்டுபோங்கள் என்று சாகிப் சொன்னார். கொண்டுபோனீர்கள். நாலு வருடம் தனியாகப் பொங்கித் தின்று, கப்பல் கிடைத்த பண்டிகைகளுக்கு மட்டும் வந்து போனீர்கள். போன மாதம் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தி வந்து, எனக்குக் கப்பல் கிடைத்துச் சேர்வதற்குள், அங்கிருந்தவர்களே எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். சாகிப்புக்கு மறு வருடமே மெயின்லேண்ட் கிடைத்துவிட்டது. அங்கே எந்த மைதானத்திலாவது இடப்பக்கம் நிற்பவர்கள் அடிபட்டிருந்தால், அவர் நலமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

“அந்த மனுஷருக்கு எதுக்கு இந்தப் பலகை வேலை? கைய வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல” என்று அத்தை நேற்றும் சொன்னார்கள். நாலு வருடமாக நான் தலையாட்டுவது போலவே நேற்றும் ஆட்டினேன். அவர்களிடம் நீங்களும் சொல்லவில்லை போலிருக்கிறது. இது அச்சுக்குப் போவதற்கு முன்னால், அவர்களை உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் நானே வாசித்துக் காட்டுகிறேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

ஹட் பே உத்தரவு வந்த வாரம், நீங்கள் உங்கள் கைப்பட எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தின் பேரில், ஜங்லிகாட் குவார்ட்டர்ஸ் என் பெயருக்கு மாறியது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்து அத்தையின் கட்டிலை நகர்த்த வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டோடு மாப்பிள்ளை